பிரிட்டனியில் நாலு நாள் நடக்க: கற்காடா, மேடா, கால்வாயா, கோயில் வழியா?

மே மாதம் வந்தால் பிரான்ஸில் வேலை ஓடாது. ஒன்றாம் தேதி உழைப்பாளர் நாள். எட்டாம் தேதி ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள். அப்புறம், பெரும்பாலும் இதே மாதத்தில் வந்து விழும் விண்ணேற்ற வியாழன். வியாழனுக்கும் சனிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வெள்ளிக்கிழமையை லீவு போட்டு நிரப்புவதற்கு இங்கே 'பாலம் போடுவது' என்று பெயர். எங்கள் வீட்டிலும் பாலம் போட்டாகிவிட்டது. நாலு நாள் கையில் இருக்கிறது. எங்கே போவது என்பதில்தான் தகராறு.

பிரிட்டனி என்பது வரைக்கும் முடிவாகிவிட்டது. பிரெஞ்சுக்காரர்கள் பிரெத்தாஞ் என்பார்கள். நமக்கு நாக்கில் சுலபமாக வருவது பிரிட்டனிதான், அதையே எழுதுகிறேன். போகிறவர்கள் நாலு பேர்: அக்கா, மாமா, அக்காவின் ஒன்பது வயது மகன், நான். மாமாவுக்கு முழங்கால் வலி. ஏறும்போது சமாளித்துவிடுவார், இறங்கும்போதுதான் முகம் சுளிப்பார். பையனுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஏதாவது நடக்க வேண்டும், இல்லாவிட்டால் உட்கார்ந்துவிடுவான். அக்காவுக்குப் பார்க்க ஏதாவது இருக்க வேண்டும். வெறும் மரத்தையும் புல்லையும் பார்க்க ரயில் டிக்கெட் எதற்கு என்பது அவள் கேள்வி. எனக்கு நடந்தால் போதும்.

முதலில் ஒன்றைக் கழித்துவிடலாம். பிரிட்டனியில் நடக்கப் போகிறோம் என்றால் பத்துக்கு ஒன்பது பேர் கடற்கரைப் பாதையைத்தான் சொல்வார்கள். ஜி.ஆர். 34 என்று எண் கொடுத்த அந்தப் பாதை (ஜி.ஆர். என்றால் நெடும்பாதை) சுமார் 2,000 கிலோமீட்டர். மோன் சேன் மிஷேலில் தொடங்கி, கரையை ஒட்டியே வளைந்து வளைந்து சேன் நசேர் பக்கம் போய் முடிகிறது. கள்ளக்கடத்தலைப் பிடிக்கச் சுங்கக் காவலர்கள் ரோந்து சுற்றிய வழி என்பதால் 'சுங்கக்காரர் பாதை' என்றும் பெயர். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் மே மாதப் பாலத்தில் பாரிஸே அங்கே போய் நிற்கும். அறை கிடைக்காது, கிடைத்தால் விலை கேட்க முடியாது. தவிர, குன்றிலிருந்து கடலுக்கு இறங்கி மறுபடி ஏறி, அடுத்த குடாவில் மறுபடி இறங்குவதுதான் அந்தப் பாதையின் குணம். மாமாவின் முழங்கால் இரண்டாம் நாளே வேலை நிறுத்தம் செய்துவிடும்.

ஆக, உள்நாடு. பிரெத்தோன் மொழியில் கடற்கரை நாட்டுக்கு 'ஆர்மோர்' என்றும் உள்நாட்டுக்கு 'ஆர்கோவாத்' என்றும் பெயர். இரண்டாவதில் இருக்கும் 'கோவாத்' என்றால் காடு. அந்தக் காட்டில் பெரும்பகுதி எப்போதோ வயலாகிவிட்டது. ஆனாலும் வயலுக்கு வயல் மண்மேடு எழுப்பி, அதன்மேல் மரம் வளர்த்திருப்பதால் தூரத்திலிருந்து பார்த்தால் இன்றைக்கும் காடு மாதிரிதான் தெரியும். 1950களிலிருந்து நிலங்களை ஒன்றுசேர்க்கிறோம் என்று புல்டோசர் விட்டு அந்த மேடுகளில் ஏராளமானதைத் தரைமட்டமாக்கிவிட்டார்கள். தப்பித்தவற்றின் நடுவே ஓடும் பள்ளச் சந்துகளில்தான் இன்றைய நடைவழிகள் போகின்றன. இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு மண்சுவர், மேலே ஓக் மரக்கிளைகள் கைகோத்த கூரை, காலடியில் சேறு. ஆமாம், சேறு. கோடை தவிர மற்ற மாதங்களில் இந்தச் சந்துகள் பாதி ஓடை, பாதி பாதை. பள்ளிக்கூடத்துக்குப் போட்டுப்போகும் கேன்வாஸ் ஷூ போதும் என்கிறான் மருமகன். போதாது.

இந்த உள்நாட்டில் நான் வெவ்வேறு வருஷங்களில் நடந்து பார்த்தவை ஐந்து. அதில் எதை இந்த நாலு பேருக்குத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் கேள்வி.

பெயர் பெற்றதிலிருந்து தொடங்குகிறேன்: புரோசெலியாந்த். ரென் நகரத்துக்கு மேற்கே நாற்பது கிலோமீட்டரில் இருக்கும் பெம்போன் காட்டுக்குத்தான் இந்தக் கதைப்பெயர். பழைய வீரக்கதைகளில் வரும் ஆர்தர் மன்னன், மெர்லின் என்ற மந்திரவாதி, அவனை மயக்கிச் சிறை வைத்த விவியான், பொய்க் காதலர்களைப் பள்ளத்தாக்கில் அடைத்துவைத்த மோர்கான் என்று அத்தனை பேருக்கும் இங்கே ஓர் இடம் உண்டு. பாரிஸிலிருந்து ரென்னுக்கு அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம்; ஐந்தில் மிக அருகில் இருப்பது இதுதான்.

த்ரெயொராந்தெக் என்ற சின்ன ஊரிலிருந்து 'திரும்பி வராத பள்ளத்தாக்கு'க்குப் போகும் சுற்று நாலைந்து கிலோமீட்டர். செந்நீலச் சிலேட்டுப் பாறை, தேவதைகளின் கண்ணாடி என்று பெயர் வைத்த குளம், அதன் அருகில் பொன் மரம். 1990இல் அந்தப் பள்ளத்தாக்கு பற்றி எரிந்தது. மறுவருஷம் ஒரு கலைஞர் செத்த செஸ்நட் மரம் ஒன்றுக்குத் தங்கரேக்கு ஒட்டி, சுற்றிலும் கருகிய மரங்களை அப்படியே காவலாக நிறுத்திவிட்டார். ஊர்க் கோயிலும் விசேஷம்தான். போர்க் காலத்தில் வந்த பங்குத்தந்தை ஒருவர், கிறிஸ்துவையும் ஆர்தர் கதையையும் ஒரே சுவரில் ஏற்றிவிட்டார்; சிலுவைப் பாதைப் படத்தில் மோர்கான் நிற்கிறாள். வரைந்தவர்கள் ஜெர்மானியப் போர்க் கைதிகள்.

இவ்வளவு சொன்ன பிறகும் புரோசெலியாந்த் எனக்குக் கடைசி இடம்தான். அந்தக் காட்டில் பெரும்பகுதி தனியார் சொத்து. இலையுதிர் காலத்திலிருந்து குளிர்காலம் முடியும்வரை வேட்டைக்காக நிறையப் பாதைகளை மூடிவிடுவார்கள். மே மாதம் திறந்திருந்தாலும், வழிநெடுக 'தனியார் இடம்' பலகைகள் கூடவே வரும். மெர்லினின் கல்லறை என்று போய்ப் பார்த்தால் இரண்டு மூன்று பலகைக்கல் கிடக்கும். 19ஆம் நூற்றாண்டில் யாரோ புதையல் ஆசையில் ஒரு பழங்காலக் கல்லறையை உடைத்துப் போட்டதன் மிச்சம் அது. கதையை மனசில் சுமந்து போகிறவர்களுக்கு அந்த இரண்டு கல்லும் போதும், கண்ணீரே வரும். ஆர்தர் யார் என்று முதலில் விளக்கிவிட்டு நடக்கத் தொடங்க வேண்டிய எங்களைப் போன்ற கூட்டத்துக்கு அது வெறும் கல். பாராந்தோன் ஊற்று மட்டும் எனக்குப் பிடிக்கும். தண்ணீருக்கடியிலிருந்து அவ்வப்போது குமிழி கிளம்பும். பக்கத்துக் கல்லில் அந்த நீரைத் தெளித்தால் மழை கொட்டும் என்பது நம்பிக்கை. பிரிட்டனியில் மழைக்கு அவ்வளவு சிரமப்படத் தேவையில்லை என்று மாமா சொல்வார்.

அடுத்தது கால்வாய். இது மாமாவின் கட்சி.

நாந்த்திலிருந்து பிரெஸ்ட் வரை 364 கிலோமீட்டர். பிரெஸ்ட் துறைமுகத்தை இங்கிலாந்துக் கப்பல்கள் கடல்வழியே மறித்து நின்றதால், உள்நாட்டு வழியாகவே சரக்கு கொண்டுபோய்ச் சேர்க்கலாம் என்று நெப்போலியன் காலத்தில், 1811இல், தொடங்கிய வேலை. முடிந்தபோது 1842. அதற்குள் நெப்போலியனும் இல்லை, முற்றுகையும் இல்லை. கொஞ்ச காலத்தில் ரயிலும் வந்துவிட்டது. மேட்டில் படகை ஏற்றவும் இறக்கவும் இரட்டைக் கதவு வைத்துத் தண்ணீரைத் தேக்கும் தொட்டிகளை 'எக்லூஸ்' என்பார்கள். அப்படி இருநூற்றுக்கும் மேல் கட்டினார்கள். குளோமெல் அருகே நீர்ப்பிரிமேட்டைக் கடக்க வேண்டியிருந்தது. அங்கே 1823 முதல் 1832 வரை கைதிகளை முகாமில் அடைத்துவைத்து, மூன்று கிலோமீட்டர் நீளத்துக்கு இருபது மீட்டருக்கும் மேல் ஆழமாக, மண்வெட்டியாலும் கூடையாலும் வெட்டவைத்தார்கள். இன்று அந்தப் பள்ளத்தின் ஓரமாக நடந்தால் நிழலும் பெரணியும் குளிர்ச்சியும்தான். செத்தவர்கள் நிறைய.

குதிரைகள் படகை இழுத்துக்கொண்டு நடந்த கரைதான் இப்போது நடைபாதை. ஏற்றமே கிடையாது. பொடிச்சரளை போட்டு இறுக்கிய தரை. குழந்தை வண்டிகூட ஓடும். எக்லூஸுக்கு எக்லூஸ் காவலர் வீடு, வீட்டு முன்னால் ஹைட்ராஞ்சியா, கதவைத் திறக்கும் பழைய இரும்புக் கைச்சுழற்றி. மே மாதத்தில் கரையோரம் ஒரு கொக்கு நிற்கும். நாம் இருபதடி வந்ததும் பறந்து நூறடி தள்ளிப் போய் நிற்கும். மறுபடி நாம் போனால் மறுபடி நூறடி. ஒரு காலைப்பொழுது முழுக்க என்னோடு இப்படியே வந்த கொக்கு ஒன்று உண்டு. தன் எல்லை முடிந்ததும் தலைக்கு மேலாகப் பறந்து திரும்பிப் போய்விட்டது.

எல்லாம் சரி, ஆனால் கால்வாய்க்கு ஒரு குறை உண்டு: முன்னால் இருப்பது முன்கூட்டியே தெரிந்துவிடும். வளைவு தாண்டி ஏதாவது இருக்கும் என்ற நப்பாசைகூட மூன்றாம் மணி நேரத்தில் போய்விடும். சைக்கிள்காரர்களுக்குச் சொர்க்கம், நடப்பவர்களுக்குப் பொறுமைப் பரீட்சை. ஒன்பது வயதுப் பையனுக்கு? நான் பொறுப்பேற்க மாட்டேன். முழுசாக இல்லாமல் துண்டாக எடுத்துக்கொண்டால்தான் கால்வாய் ருசிக்கும். எனக்குப் பிடித்த துண்டு போன் ரெப்போ மடாலத்திலிருந்து குவாரெக் ஊர் வரை, சுமார் ஆறு கிலோமீட்டர். 1184இல் சிஸ்டர்சியன் துறவிகளுக்காக நிறுவிய மடாலம் ஆற்றங்கரையில் பாதி இடிந்து, பாதி எழுந்து நிற்கிறது. அதற்குக் கிழக்கே கெர்லெதான் ஏரி. 1930இல் அணை எழுந்தபோது கால்வாயை அங்கே இரண்டாக வெட்டிவிட்டார்கள். பதினேழு எக்லூஸ் தண்ணீருக்குள் போயின. 2015இல் அணையைப் பழுது பார்க்க ஏரியை வடித்தபோது அந்த எக்லூஸ்களும், காவலர் வீடுகளின் சுவர்களும், பட்டுப்போன மரங்களும் சேற்றிலிருந்து எழுந்து நின்றன. பார்க்கப் பெருங்கூட்டம் போனது. பிறகு மறுபடி மூழ்கடித்துவிட்டார்கள்.

கோயில் வழி அக்காவுக்குப் பிடிக்கும். மொர்லே நகருக்கு மேற்கே சேன் தெகொனெக், கிமிலியோ, லாம்போல் என்று மூன்று ஊர். மூன்றும் சின்னவை, மூன்றிலும் ஊருக்குப் பொருந்தாத பெரிய கோயில். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் இந்தப் பக்கத்து விவசாயிகள் ஆளிச்செடி வளர்த்து, நூலை வெளுத்து, நெய்து, இங்கிலாந்துக்கும் ஸ்பெயினுக்கும் லினன் துணி விற்றுப் பணம் பார்த்தார்கள். பணம் வந்ததும் ஊருக்கு ஊர் போட்டி. பக்கத்து ஊரில் கோபுரம் எழுந்தால் இங்கே அதைவிட உயரமாக எழ வேண்டும். அங்கே வளைவு வாசல் வந்தால் இங்கே எலும்பறை வர வேண்டும். மதில் சுவருக்குள் கோயில், கல்லறை, எலும்பறை, சிற்பச் சிலுவைமேடை எல்லாம் ஒன்றாக அடைந்து நிற்கும். கிமிலியோவின் சிலுவைமேடையில் மட்டும் இருநூறு உருவங்கள், எல்லாம் 1580களில் செதுக்கியவை. அதில் ஒரு மூலையில் காத்தெல் கொலெத் என்ற பெண்ணைப் பேய்கள் பிய்த்து நரகத்தின் வாய்க்குள் இழுக்கின்றன. அவள் செய்த குற்றம்? ஆட்டம் ஆடியது, அதிலிருந்து தொடங்கி வழிதவறிப் போனது என்று கதை. கல்லில் பாசி படிந்து அவள் முகம் பச்சையாக இருக்கும். பையன் அதைப் பார்த்தால் அன்றைக்குத் தூங்க மாட்டான், ஆனால் நடக்கும்போது பேச விஷயம் கிடைக்கும்.

ஊருக்கு ஊர் ஏழெட்டு கிலோமீட்டருக்குள்தான். ஜி.ஆர். 380 இந்தப் பக்கத்தையும் ஆரே மலையையும் சேர்த்து ஒரு பெரிய வளையமாகச் சுற்றுகிறது. ஓடையோரத்தில் நூல் வெளுத்த பழைய கல்வீடுகளும் கண்ணில் படும். இங்கே குறை என்னவென்றால், கோயிலுக்கும் கோயிலுக்கும் இடையில் கொஞ்சம் தார்ச்சாலை, நிறைய மக்காச்சோளம், அப்புறம் பன்றிப் பண்ணை. பிரான்ஸின் பன்றிகளில் பாதிக்கு மேல் பிரிட்டனியில்தான் வளர்கின்றன. வசந்த காலத்தில் பண்ணைக் கழிவை வயலுக்கு அடிக்கும் நாளில் காற்று எதிரில் அடித்தால், சிற்பக்கலை எல்லாம் மறந்து போகும். சுற்றுலாப் படங்களில் இந்த வாசனை வருவதில்லை.

இப்போது என்னுடைய கட்சி: ஆரே மலை. 'மலை' என்று எழுதவே கூச்சமாக இருக்கிறது. மொத்த பிரிட்டனிக்கும் உச்சி இங்கேதான், அதன் உயரம் 385 மீட்டர். ஆனால் நேரில் போய் நின்றால் உயரம் யாருக்கும் ஞாபகம் வராது. மரம் இல்லை. முதுகெலும்பு மாதிரி துருத்திய சிலேட்டுப் பாறை, அதைச் சுற்றி அஜோன் என்ற மஞ்சள் பூ முள்புதர், முழங்கால் உயரப் புல், ஹெதர் என்ற ஊதாப் பூச்செடி. மேலே வானம் மட்டும்தான். ரோக் த்ரெவெசெல் பாறையில் நின்றால், காற்று சட்டைக்குள் புகுந்து நம்மை விலை பேசும். எதிரே பிராஸ்பார் ஊரின் சேன் மிஷேல் குன்று. 381 மீட்டர், உச்சியில் ஒற்றைக் கல்கோயில். 2022 ஜூலையில் இந்த மேடு முழுக்கப் பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஹெக்டேர் கருகியது. தீ கோயிலைச் சுற்றி வந்தும் கோயில் தப்பியது. மறுவருஷமே கரி மண்ணில் பச்சை கிளம்பிவிட்டது.

குன்றுக்குக் கீழே யெயுன் எலெஸ் என்ற சதுப்பு நிலம். மட்கியும் மட்காமலும் நூற்றாண்டுகளாகப் படிந்த பாசிமண். வெட்டிக் காயவைத்து அடுப்பெரித்திருக்கிறார்கள். பிரெத்தோன் மக்களுக்கு இதுதான் நரகத்தின் வாசல். அடங்காத ஆவியைப் பாதிரியார் ஒரு கறுப்பு நாயின் உடலுக்குள் இறக்கி, கயிறு கட்டி இழுத்துவந்து இந்தச் சதுப்பின் நடுக்குழியில் தள்ளிவிடுவாராம். அந்த நரக வாசலுக்கு எதிரிலேயே 1960களில் ஓர் அணுமின் நிலையம் கட்டினார்கள். பிரெனிலிஸ் நிலையம், 1967 முதல் 1985 வரை ஓடியது, பிரிட்டனியில் அது ஒன்றே ஒன்றுதான். நிறுத்தி நாற்பது வருஷமாகப் பிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். சதுப்பை ஒட்டிய ஏரியைச் சுற்றும் பதினைந்து கிலோமீட்டர் நடையில், ஒரு கரையில் நின்றால் பேய்க்கதை, மறுகரையில் நின்றால் கான்கிரீட். எனக்கு இரண்டும் ஒன்றுக்கொன்று துணை மாதிரித்தான் தோன்றியது.

சரி, இங்கே எனக்கு நேர்ந்ததையும் சொல்ல வேண்டும். ஒரு அக்டோபரில் தனியாகப் போனேன். காலையில் வெயில். மதியம் ஒரு மணிக்கு மேற்கிலிருந்து மூடுபனி வந்தது. பத்து நிமிடத்தில் கோயிலும் குன்றும் ஏரியும் இல்லை. சதுப்பின் ஈரமான இடங்களில் பலகை போட்டிருப்பார்கள், பலகையில் நடந்தால் சரி என்று நடந்தேன். ஒரு பலகை முடிந்தது; அடுத்த பலகை தெரியவில்லை. நாலடி வைத்தேன், கெண்டைக்கால் வரை உள்ளே போய்விட்டது. பயமுறுத்தும் ஆழம் இல்லை. ஆனால் காலை இழுக்கும்போது சேறு விடுகிற சத்தம் இருக்கிறதே, அதைக் கேட்டபோது கறுப்பு நாய்க் கதை கதையாகத் தெரியவில்லை. வந்த அடிச்சுவட்டிலேயே திரும்பிப் பலகைக்கு வந்து, அரை மணி நேரம் நின்று, பனி விலகியபின் பார்த்தால் அடுத்த பலகை வலப்பக்கம் ஆறடியில் கிடக்கிறது. பாதையில் தப்பும் இல்லை, பலகையில் தப்பும் இல்லை. நான்தான் நின்றிருக்க வேண்டும்.

ஆகவே ஆரே மலை ஒரு நாளுக்கு, நல்ல நாள் பார்த்து. மழைக்கு ஒதுங்க இடம் இல்லாத ஊரில் நாலு நாளையும் அடகு வைக்கக் கூடாது. மேலே போன பிறகு மழை வந்தால் பையனும் நனைவான், அக்கா என்னைப் பார்க்கும் பார்வையும் நனையும்.

கடைசியாக உவெல்குவாத். ஆரே மலைக்குக் கிழக்கே காரில் இருபது இருபத்தைந்து நிமிடம். பெயருக்கு 'உயரக் காடு' என்று பொருள். ஏரிக்கரையில் ஊர், ஏரி முடியும் இடத்தில் ஒரு பழைய மாவரைக்கும் ஆலை, ஆலை தாண்டியதும் ஆறு காணாமல் போய்விடும். காரணம் பாறை. யானை, வீடு, லாரி அளவில் கருங்கல் உருண்டைகள் பள்ளம் முழுக்கக் கொட்டிக் கிடக்கின்றன. பூமிக்கடியில் விரிசல் விட்ட கருங்கல்லில் மழைநீர் இறங்கி இறங்கி, மூலைகளை மணலாக்கி உதிர்த்து, உருண்டைகளை மட்டும் மிச்சம் வைத்தது. பிறகு ஆறு மணலை அடித்துக்கொண்டு போயிற்று. இது விஞ்ஞானம். ஊர்க்காரர்கள் சொல்வது: பசியோடு வந்த கார்கந்துவா என்ற பூதத்துக்கு ஊரார் வெறும் கூழை ஊற்றினார்கள், அவன் கோபத்தில் வடக்கே போய் அங்கிருந்து கல்லெறிந்தான். எனக்கு இதில்தான் நியாயம் அதிகம் தெரிகிறது.

பிசாசுக் குகைக்கு இரும்பு ஏணி. மாமா மேலேயே நிற்கட்டும். உள்ளே இறங்கினால் காலுக்கடியில் ஆற்றின் சத்தம். ஆறு கண்ணில் படாது, கையில் ஈரம் மட்டும் படும். அடுத்தது ஆடும் பாறை: 137 டன். ஒரே ஆள் ஆட்டலாம். முதல் தடவை போனபோது கையை வைத்துத் தள்ளினேன், தோளை வைத்துத் தள்ளினேன், பின்னால் வரிசையில் நின்ற பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த உள்ளூர்ப் பெரியவர் எழுந்து வந்து, என் தோளைப் பிடித்துப் பாறையின் ஒரு குறிப்பிட்ட மூலைக்கு நகர்த்தி, முதுகைச் சாய்க்கச் சொன்னார். தள்ளாதே, ஊஞ்சல் ஆட்டுகிற மாதிரி விட்டு விட்டு அழுத்து என்றார். ஏழெட்டுத் தடவை அழுத்தினேன். முதுகில் முதலில் தெரிந்தது, கண்ணுக்கு அப்புறம்தான் தெரிந்தது: பாறையின் மறுமுனை ஒரு விரல்கடை எழுந்து உட்கார்ந்தது.

அங்கிருந்து மேலே ஏறினால் ஆர்தர் கோட்டை என்ற மண்மேடு. இதைத்தான் அக்காவுக்காக வைத்திருந்தேன். ரோமானியர் வருவதற்கு முன் இங்கிருந்த மக்கள் எழுப்பிய அரண் இது. மரச்சட்டங்களை ஊடும் பாவுமாக வைத்து, இடையில் கல்லும் மண்ணும் அடைத்த சுவர். 1938இல் இதைத் தோண்டியவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். ஆமாம், அதே வீலர்தான். ஏழு வருஷம் கழித்து, 1945இல், எங்கள் புதுச்சேரி பக்கத்து அரிக்கமேட்டைத் தோண்டி, ரோமாபுரிச் சட்டி ஓடுகளை வெளியே எடுத்தவர். அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் மாந்தோப்புக்கு நடுவே பள்ளிக்கூடச் சுற்றுலா போய் அக்கா பார்த்த அந்த இடிந்த சுவருக்கும், பிரிட்டனிக் காட்டில் பெரணி மூடிய இந்த மேட்டுக்கும் நடுவில் ஒரே ஆளின் மண்வெட்டி. 'பார்க்க என்ன இருக்கிறது' என்று இனி அவள் கேட்க முடியாது.

மாமாவுக்கு இங்கேயே கால்வாயும் உண்டு, நெப்போலியனுடையது இல்லை. முன்பு இந்த ஊரில் வெள்ளியும் ஈயமும் எடுத்த சுரங்கம் இருந்தது. அதற்குத் தண்ணீர் கொண்டுபோக மலைச்சரிவை ஒட்டி வெட்டிய வாய்க்கால். கரையோரம் நிழலில் சமதளமாகப் பல கிலோமீட்டர் போகிறது. ஆற்றுக்கே வெள்ளி ஆறு என்றுதான் பெயர். பையன் பாறையில் தாவ, மாமா வாய்க்காலில் நடக்க, இருவரும் மதியம் ஊர்ச் சதுக்கத்தில் சந்தித்து கோதுமையில்லாத கறுப்பு மாவுத் தோசை, அதாவது 'கலெத்', சாப்பிடலாம். மழை வந்தால்? காடு ஓரளவு குடை பிடிக்கும். 1987 அக்டோபர் புயலில் இந்தக் காட்டின் பெரும்பகுதி ஒரே இரவில் சாய்ந்தது. இப்போது நிற்பவற்றில் பல அதற்குப் பின் வளர்ந்தவை. பழைய குடையின் அகலம் இல்லை, ஆனாலும் மேட்டில் நனைவதைவிட மேல்.

குறை இல்லாமல் இல்லை. ஈரக் கருங்கல் சோப்பு மாதிரி வழுக்கும். ஆடும் பாறை வரைக்கும் கூட்டம். அதைத் தாண்டி அரை மணி நடந்தால்தான் அமைதி. ரயில் ஊருக்குள் வராது. பாரிஸிலிருந்து மொர்லேவுக்கு மூன்று மணி நேர ரயில், அங்கிருந்து முப்பது கிலோமீட்டருக்கு வாடகைக் கார். பேருந்து இருக்கிறது, ஆனால் விடுமுறை நாளில் பேருந்தை நம்பி ஒரு தடவை பகல் முழுக்க நிறுத்தத்துப் பலகையைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கார்தான்.

ஐந்தையும் எடைபோட்டுப் பார்த்தால் எனக்குத் தெரிவது இது: உவெல்குவாத்தில் மூன்று இரவு. முதல் நாள் பாறைகள், இரண்டாம் நாள் கோட்டையும் வாய்க்காலும். வானம் தெளிந்த நாள் எதுவோ அன்றைக்கு ஆரே மலை. குன்றின் கோயில் வரை காரில் போய், மாமாவை மேலே விட்டு, நாங்கள் சுற்றி வரலாம். கடைசி நாள் மொர்லேவுக்குத் திரும்பும் வழியில் கொஞ்சம் சுற்றிப்போய்க் கிமிலியோவில் இறங்கினால் அக்காவுக்குக் கோயில், பையனுக்குக் காத்தெல். மாமாவோடு நான் தனியாகப் போவதென்றால் யோசிக்காமல் கால்வாய்க்குப் போயிருப்பேன். நான் மட்டும் என்றால் செப்டம்பரில், ஹெதர் பூத்திருக்கும்போது, ஜி.ஆர். 380இல் ஒரு வாரம். ஆர்தர் கதைகளைச் சின்ன வயதில் பிரெஞ்சில் படித்து வளர்ந்த பிள்ளைகள் வீட்டில் இருந்தால் புரோசெலியாந்தைக் கடைசியில் போடாதீர்கள். அவர்கள் என்னைவிட அதிகம் பார்ப்பார்கள்.

மூட்டை பற்றி இரண்டு வார்த்தை. மே மாதத்தில் பகலில் பதினைந்து பதினாறு டிகிரி இருக்கும், அதில் ஒரே நாளில் நாலு பருவம் வந்து போகும். பிரிட்டனியில் தினமும் பல தடவை வானிலை நன்றாக இருக்கிறது என்று அந்த ஊர்க்காரர்களே கேலி செய்வார்கள். குடை வேண்டாம், காற்று பிடுங்கிவிடும், தலைமூடியோடு மழைக்கோட்டு. முழுக்கால் சட்டை, அதைக் காலுறைக்குள் செருகிக்கொள்ள வேண்டும், பார்க்க அசிங்கமாக இருந்தாலும். பெரணியிலும் புல்லிலும் உண்ணி இருக்கிறது. லைம் காய்ச்சலைக் கொண்டுவருவது அதுதான். ராத்திரி குளிக்கும்போது முழங்கால் மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் பார்க்க வேண்டும். போன தடவை என் காலில் ஒன்று இருந்தது. மருந்துக்கடையில் விற்கும் சின்னக் கொக்கியால் திருகி எடுத்தேன். பாதைக் குறி பையனுக்கு இப்போதே சொல்லிக் கொடுத்தாயிற்று: வெள்ளையும் சிவப்பும் இரண்டு பட்டை என்றால் நெடும்பாதை, மஞ்சள் ஒற்றைப் பட்டை என்றால் உள்ளூர்ச் சுற்று, பெருக்கல் குறி போட்டிருந்தால் அந்தப் பக்கம் போகாதே. கைபேசியில் வரைபடம் இருந்தாலும் பள்ளத்தில் சிக்னல் போய்விடும், காகித வரைபடம் ஒன்று எடுத்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். மாமா வாய்க்காலின் நீளத்தைக் கேட்டார், அக்கா வீலரைப் பற்றிக் கேட்டாள். மொர்லேவுக்கு நாலு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. பையன் மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே கேட்டுக்கொண்டிருக்கிறான். எந்த மூலையில் முதுகைச் சாய்க்க வேண்டும் என்று நான் இன்னும் சொல்லவில்லை.